பழைய மாஸி 35, 1035 டிராக்டர்களில் கிளட்ச், கியர், பின் அச்சுக் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் கண்டறியும் முறை

மாஸி பெர்குசன் 35 வரிசையும், 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் 1035 வரிசையும் தமிழ்நாட்டின் தென்னந்தோப்புகளிலும் வாழைத் தோட்டங்களிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டிகளில் இழுவை குறைந்தாலும், கியர் விழ மறுத்தாலும், பின்னால் சத்தம் கேட்டாலும், "கிளட்ச் பிளேட் போய்விட்டது, வண்டியைப் பிரிக்க வேண்டும்" என்பதே முதலில் சொல்லப்படும் தீர்ப்பாக இருக்கிறது. இந்த டிராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. இன்ஜினும் கியர் பெட்டியும் பின் அச்சும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, அவையே உடலாக நிற்கின்றன. ஆகவே கிளட்சைத் தொட வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். அந்தச் செலவில் இறங்குமுன் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் பல உள்ளன. கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அவை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் சோதித்துப் பாருங்கள்.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் வண்டி சிங்கிள் கிளட்சா, டபுள் கிளட்சா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். டபுள் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பி.டி.ஓ. (பின்னால் பூட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும், முழுவதும் மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். சிங்கிள் கிளட்சில் இரண்டும் ஒரே மிதியில் நின்றுவிடும். இந்த வரிசை வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ. தண்டிலிருந்தே ஓட்டம் பெறுகிறது என்பதால், பெடலை முழுவதும் மிதிக்கும்போது லிஃப்டும் வேலை செய்யாது. அது பழுதல்ல.

சோதனைகளைச் சமதளத்தில் செய்யுங்கள். பின்புறக் கருவியைத் தரையில் இறக்கிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு, இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அடியில் பார்க்க வேண்டியதையெல்லாம் இன்ஜினை நிறுத்திய பிறகே பார்க்கலாம்.

அறிகுறி: இன்ஜின் ரேஸ் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை

*நழுவுவது கிளட்ச்தானா?*

கலப்பை மண்ணில் இறங்கியதும் வண்டி தயங்கும் நேரத்தில் இன்ஜினின் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் அமுங்கி, கரும்புகை தள்ளி, இன்ஜின் திணறினால் பாரம் அதிகம் அல்லது இன்ஜினுக்கே வலுவில்லை. டீசல் ஃபில்டரையும் ஏர் கிளீனரையும் பாருங்கள், கிளட்ச் பக்கம் போகவேண்டாம். சத்தம் உயர்ந்து, வண்டி மட்டும் நின்றால் ஏதோ ஒன்று நழுவுகிறது. அது டயராகவும் இருக்கலாம். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால், கோடு சுற்றியும் வண்டி நகராவிட்டால் டயர் வழுக்குகிறது, இன்ஜின் சீறியும் கோடு சுற்றாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது என்று தெளிவாகிவிடும்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. முன்னால் திறந்த வெளியாக இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பூட்டி அழுத்திப் பிடித்து, ஹை-லோ லீவரை ஹையில் வைத்து மேல் கியரைப் போட்டு, நடுத்தர ரேஸில் பெடலை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் இன்ஜினை உடனே நிறுத்திவிடும். இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். இரண்டு நொடிக்கு மேல் இந்தச் சோதனையை நீட்டாதீர்கள். நீட்டினால் மிச்சமிருக்கும் பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

*முதல் காரணம்: பெடலில் ப்ளே இல்லை*

பிளேட் தேயத் தேயப் பெடலின் வெற்று அசைவு (ப்ளே) குறைந்துகொண்டே வரும். கடைசியில் அது முற்றிலும் இல்லாமல் போனால், பெடலை யாரும் மிதிக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பேரிங்), கிளட்ச் பிளேட்டை இன்ஜினின் ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பாதி கிளட்ச் மிதித்தபடி நாள் முழுவதும் உழுவதற்கு அது சமம். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எடையில்லாமல் இறங்கும் தூரம் சுமார் அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவு குறைந்திருந்தால் பெடல் இணைப்பில் உள்ள சரிசெய்யும் இடத்தில் திருத்தி, லாக் நட்டை இறுக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள்.

இதைச் செய்யும்போதே பெடலின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கொக்கி நீண்டோ, ஸ்பிரிங் அறுந்தோ போயிருந்தால் பெடல் தன் எடையாலேயே கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். சேற்றுழவு முடிந்து கழுவாமல் நிறுத்திய வண்டியில் பெடல் தண்டின் புஷ்ஷில் சேறு காய்ந்து இறுகி, பெடல் முழுவதும் மேலே வராமல் போவது வழக்கமாகக் காணும் விஷயம். கழுவி, கிரீஸ் அடித்தாலே பல வண்டிகளில் நழுவல் நின்றுவிடுகிறது. ஓட்டுநரின் பழக்கத்தையும் பாருங்கள்: காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுபவர் இருந்தால், எந்தப் பட்டறையில் எத்தனை பிளேட் மாற்றினாலும் அது நிலைக்காது.

*இரண்டாம் காரணம்: பிளேட்டில் ஆயில்*

பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) அடியில், இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அந்தப் பின் அசைந்தாடி, துளை அடையாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. இந்த ஒரு துளை சொல்லும் செய்தி வேறெங்கும் கிடைக்காது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பின்னைக் கொறடால் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, காய்ந்த சேற்றை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைத் துளையில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.

துணி உலர்ந்து, கறுப்புத் தூள் மட்டும் ஒட்டினால் அது பிளேட் தேய்ந்த தூசு, ஆயில் இல்லை. துணியில் கருமையான, நீர்த்த ஆயில் பரவினால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. பொன்னிறமாக, கெட்டியாக, கியர் ஆயிலுக்கே உரிய காட்டமான வாசனையுடன் வந்தால் கியர் பெட்டியின் உள்வரும் தண்டின் சீல் போய்விட்டது. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வெறும் சேற்றுத் தண்ணீர் வந்தால், ஆழமான வயலில் கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தோடு) இறங்கியபோது உள்ளே போன தண்ணீர் அது. வடியவிட்டு, மேட்டு நிலத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காயவிட்டால் கிளட்ச் பழையபடி பிடிக்கத் தொடங்கலாம்.

ஆயில் ஊறிய பிளேட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. துளை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுவது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள வேலை; செய்தாலும் பலன் சில மணி நேரமே நிற்கும், ஏனென்றால் கசியும் சீல் அங்கேயேதான் இருக்கிறது. சீல் கசிவு உறுதியானால் வண்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

*மூன்றாம் காரணம்: தேய்ந்த பிளேட், வெந்துபோன பிரஷர் பிளேட்*

ப்ளே சரியாக இருந்து, துளை உலர்ந்திருந்து, அப்படியும் நழுவினால் பிளேட்டே தேய்ந்திருக்கிறது. பெடலைச் சரிசெய்ய இணைப்பில் இனி இடமில்லை என்ற நிலை வந்திருந்தால் அதுவும் இதையே உறுதிப்படுத்தும். கரும்பு டிரெய்லரை மேட்டில் பாதி கிளட்சில் பிடித்து நிறுத்திப் பழகிய வண்டிகளில் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகளும் சூட்டில் வலுவிழந்திருக்கும். பெல் ஹவுசிங்கில் பார்வை மூடி இருந்தால் அதைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள்: பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றி வேலையை முடிக்க நினைக்காதீர்கள். இது மெக்கானிக்கின் கைக்குப் போகவேண்டிய வேலை.

அறிகுறி: கியர் போடும்போது கரகரக்கிறது, அல்லது கியரே விழவில்லை

இந்த வண்டியின் கியர் பெட்டி ஸ்லைடிங் மெஷ் வகை, அதாவது பற்சக்கரங்களே நகர்ந்து ஒன்றோடொன்று பொருந்தும் வகை. நின்ற நிலையில் மட்டுமே கியர் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் மாற்றிக் கரகரத்தால் அது கோளாறு அல்ல, கையாளும் முறையின் தவறு. பெடலை மிதித்தவுடனே கியரைப் போட்டாலும் சற்றுக் கரகரக்கும், உள்ளே பற்சக்கரங்கள் சுழற்சி அடங்க நேரம் வேண்டும்.

எனவே இப்படிச் சோதியுங்கள். வண்டியை நிறுத்தி, ரேஸைக் குறைத்து, பெடலை முழுவதும் மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளட்சில் குறையில்லை. பொறுத்திருந்தும் கரகரத்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. அடுத்து இன்ஜினை அணைத்துவிட்டு அதே கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கியர் முரண்டுபிடித்தால் கோளாறு கிளட்சில் இல்லை. கியர் லீவரின் அடிமுனை, பற்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க், அந்த ஃபோர்க்கைத் தாங்கும் செலக்டர் கம்பி ஆகியவற்றில் இருக்கிறது.

கிளட்ச் விடுபடாமல் இருப்பதற்கு எளிய காரணம் பெடலில் ப்ளே அதிகமாக இருப்பது. மிதியின் பெரும்பகுதி வெற்று அசைவிலேயே கழிந்துவிட்டால் விரல்களை அழுத்தப் போதிய தூரம் மிஞ்சாது. சரிசெய்தும் சில நாளில் பழையபடி ஆகிவிட்டால், இணைப்பின் பின்களையும் அவை நுழையும் துளைகளையும் பாருங்கள். வட்டமாக இருக்கவேண்டிய துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டு மூன்று துளைகளில் இப்படித் தேய்மானம் இருந்தால் மொத்தத்தில் பெடலின் கால்வாசி அசைவு வீணாகிவிடும். லேத்தில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடித்துப் புதிய பின் போடுவது மலிவான வேலை. வண்டியைப் பிரிக்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகும் கரகரப்பு நீடித்தால் காரணம் உள்ளே இருக்கிறது: நெளிந்த பிளேட், தண்டின் ஸ்பிளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்களில்) துரு ஏறி நகராமல் சிக்கும் பிளேட் நடுப்பகுதி, ஒடிந்த விரல், அல்லது ஃபிளைவீலின் நடுவில் உள்ள பைலட் பேரிங் இறுகிப்போவது. பைலட் பேரிங் இறுகினால் கிளட்ச் முழுவதும் விடுபட்டாலும் இன்ஜின் அந்தப் பேரிங் வழியாகவே கியர் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

*பல மாதம் நின்ற வண்டி*

மழைக்காலம் முழுவதும் திறந்த வெளியில் நின்ற வண்டியில் பெடல் இயல்பாக இறங்கியும் கிளட்ச் கொஞ்சமும் விடுபடாவிட்டால், பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிக்காதீர்கள். பெடலை முழுவதும் அழுத்தி, ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். இன்ஜினைச் சூடாகும்வரை நியூட்ரலில் ஓட்டி, அணைத்து, மறுபடியும் கட்டை கொடுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் இன்ஜினை அணைத்த நிலையில் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடி, இன்னொரு டிராக்டரால் திறந்த நிலத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒட்டிய பிளேட் "டப்" என்று விடும். குறுகிய இடத்திலோ, சரிவிலோ, கிணற்று மேட்டின் அருகிலோ இதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் பிளேட் விடாவிட்டால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும். அணைக்கும் குமிழை இழுத்து வைத்திருங்கள். அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலுக்குக் கட்டை கொடுத்தே நிறுத்துங்கள்.

அறிகுறி: வண்டி ஓடுகிறது, ரோட்டவேட்டர் மட்டும் தயங்குகிறது

முதலில் ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பி.டி.ஓ. சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் பி.டி.ஓ. லீவர் முழுவதும் விழவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். லீவரின் வெளி இணைப்பைச் சரிபாருங்கள். வெறும் பி.டி.ஓ. சுற்றி, ரோட்டவேட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால் கோளாறு கருவியின் பக்கம் இருக்கிறது: ஷியர் போல்ட் (பாரம் மிகுந்தால் முதலில் அறுவதற்கென்றே போட்ட போல்ட்) அறுந்திருக்கலாம், இணைப்புத் தண்டின் கிராஸ் உடைந்திருக்கலாம், தண்டில் நழுவும் கிளட்ச் இருந்தால் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இவையெல்லாம் நீங்களே மாற்றக்கூடியவை.

இலகு மண்ணில் நன்றாகச் சுற்றி, இறுகிய மண்ணில் இன்ஜின் சத்தம் ஏறியும் கத்திகள் நிற்குமானால் டபுள் கிளட்சின் பி.டி.ஓ. பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டியை ஓட்டும் பிளேட் நன்றாக இருக்கும்போது இது தனியாகத் தேய்வதுண்டு. ஆனாலும் மாற்றுவதற்கு முழுக் கிளட்சையும் இறக்கவேண்டியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான கோளாறு மிகவும் அபாயகரமானது. பெடலை முழுவதும் மிதித்தும் பி.டி.ஓ. நிற்காமல் சுற்றினால், கிளட்சின் இரண்டாம் கட்டத்துக்கான இடைவெளி மாறிவிட்டது அல்லது பிளேட் ஒட்டிக்கொண்டது. இந்த வண்டியில் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பெடலை மிதித்ததும் தண்டு நின்றுவிட்டது என்று நம்பிக் கருவியின் அருகில் போகும் ஆளின் வேட்டியோ துண்டோ சேலைத் தலைப்போ அதில் சுற்றிக்கொண்டால் காப்பாற்ற நேரம் இருக்காது. பெடல் ப்ளேயைச் சரிபார்த்தும் நிற்கவில்லையென்றால், இரண்டாம் கட்ட இடைவெளியை அளவுக் கருவி வைத்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள். கண்ணளவில் செய்யும் வேலை அல்ல இது.

அறிகுறி: கிளட்ச் விடும்போது வண்டி குதிக்கிறது, அதிர்கிறது

பின் சக்கர நட்டுகள், இன்ஜினையும் பெல் ஹவுசிங்கையும் இணைக்கும் போல்ட்டுகள், முன் அச்சின் நடுப் பின் ஆகியவற்றை ஸ்பானரால் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த ஒரு போல்ட் கிளட்ச் குதிப்பது போலவே தோன்றச் செய்யும். அடுத்து, அடித்துளையில் துணிச் சோதனையைச் செய்யுங்கள். பிளேட்டில் லேசாக ஆயில் பட்ட தொடக்கக் கட்டத்தில் நழுவலுக்கு முன்பே இந்தக் குதிப்பு வந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் விரல்களின் உயரம் ஒன்றுபோல் இல்லை, அல்லது ஃபிளைவீலின் முகத்தில் சூட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. குதிப்பு லேசாக இருந்து, நழுவல் இல்லாவிட்டால், சீசன் முடியும்வரை காத்திருந்து பிரிக்கலாம்.

அறிகுறி: சத்தம்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதை விடப் பெடல் நன்றாகச் சொல்லும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பி.டி.ஓ. லீவரைப் போட்டு, ரேஸைக் குறைத்து, பெடலை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டே கேளுங்கள்.

*பெடலைத் தொட்டதும் தொடங்கும் சத்தம்:* வெற்று அசைவு முடிந்து, காலில் எடை தெரியத் தொடங்கும் அந்த இடத்திலேயே கீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பேரிங். சத்தம் மட்டும் இருக்கும் கட்டத்தில் அது சில காலம் ஓடும். ஆனால் அது உடைந்தால் விரல்களையும் சேர்த்து வெட்டிவிடும்.

*ஆழமாக மிதித்தபோது மட்டும் வரும் சத்தம்:* பெடல் இறங்கி, கியர் தண்டு நின்று, இன்ஜின் மட்டும் சுற்றும் நிலையில் இரைச்சல் வந்தால் பைலட் பேரிங்.

*பெடல் மேலே இருக்கும்போது வந்து, பாதி மிதித்ததும் நிற்கும் சத்தம்:* கியர் பெட்டியின் உள்வரும் தண்டு பேரிங் அல்லது அடித்தண்டின் பேரிங். கியர் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்த ஆயிலே பாதி நேரம் காரணம்.

*பாதி மிதித்தும் நிற்காமல், முழுவதும் மிதித்தபின் நிற்கும் சத்தம்:* டபுள் கிளட்ச் வண்டியில் இது பி.டி.ஓ. தண்டு அல்லது ஹைட்ராலிக் பம்பின் பக்கம்.  பம்பையும் அதன் வடிகட்டியையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்சுக்காக வண்டியைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

*ஓட்டத்தில் மட்டும் வரும் சத்தம்:* ஒரே ஒரு கியரில் வந்தால் அந்தக் கியரின் பற்கள். எல்லாக் கியரிலும், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் கிரவுன், பினியன் (பின் அச்சைச் சுற்றவைக்கும் பெரிய, சிறிய பற்சக்கரங்கள்) அல்லது பின் அச்சின் பேரிங். திரும்பும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலின் (வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் தொகுதியின்) உள்ளே உள்ள சிறு பற்சக்கரங்கள்.

அறிகுறி: இன்ஜின் ஓடுகிறது, கியரும் விழுகிறது, வண்டி நகரவில்லை

ஹை-லோ லீவர் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் இதை மறப்பதும், தேய்ந்த லீவர் தானாக நடுவுக்கு வந்து நிற்பதும் சாதாரணம். ஹையில் ஓடி லோவில் மட்டும் ஓடவில்லையென்றால், கியர் பெட்டியின் பின்பகுதியில் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் கோள்சக்கரத் தொகுதியிலோ, அதோடு இணைக்கும் கப்ளரிலோ பழுது. அது மெக்கானிக்கின் வேலை.

இரண்டிலும் நகரவில்லையென்றால் பின் சக்கரங்களைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் பெடல்) உள்ள வண்டியில் அதை மிதித்தபடி மெதுவாகக் கிளட்சை விடுங்கள். லாக்கோடு நகர்ந்து, லாக் இல்லாமல் நகரவில்லையென்றால் ஒரு பக்கத்து ஆக்சில் தண்டு ஒடிந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இந்தச் சோதனைக்கு ஒரு முழம் நகர்ந்தால் போதும். அந்த நிலையில் வீடுவரை ஓட்டிவரவேண்டாம். ஆக்சிலை மாற்ற வண்டியை நடுவில் பிரிக்கத் தேவையில்லை, அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் அச்சுக் கூட்டையும் கழற்றினால் போதும் என்பதை நினைவில் வையுங்கள். "கிளட்சோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

லாக் போட்டும் ஒன்றும் நடக்காமல், பி.டி.ஓ. மட்டும் சுற்றினால் வண்டியை ஓட்டும் பிளேட்டின் நடுப்பகுதி கழன்றிருக்கிறது, அல்லது கியர் தண்டின் ஸ்பிளைன் தேய்ந்து வழுக்குகிறது. பிரித்தே ஆக வேண்டும்.

அறிகுறி: கியர் தானாக வெளியே வருகிறது

பாரம் இழுக்கும்போது வெளியே வருகிறதா, இறக்கத்தில் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் இதை முதலில் கேட்பார். லீவரின் ரப்பர் உறையும் குமிழும் எங்கும் இடித்துத் தள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த காரணம் செலக்டர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் வலுவிழப்பது, இது மலிவு. அதற்கும் மேலே போனால் வளைந்த ஃபோர்க், முனை உருண்டுபோன பற்கள். பற்கள் உருண்ட கியரைக் கையால் லீவரைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவதால் ஃபோர்க்கும் தேய்ந்து செலவு இரட்டிப்பாகும்.

லீவரின் ரப்பர் உறையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அது கிழிந்தால் மழைத் தண்ணீர் நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்கும். இந்த வண்டியில் கியர் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றே என்பதால், கியர், பின் அச்சு, பம்பு மூன்றும் ஒரே நேரத்தில் தண்ணீரில் ஓடும். அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் வெளுத்திருந்தால் முழுவதும் வடித்து மாற்றுங்கள். மேலே கொஞ்சம் புது ஆயில் ஊற்றுவது பலன் தராது. வடிக்கும்போது ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்து, ஒரு காந்தத்தை உள்ளே ஓட்டுங்கள். மிக மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வயதின் தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் வந்தால் எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள்.

அறிகுறி: முன்னும் பின்னும் மாற்றும்போது "டக்" என்று அடிக்கிறது

பழைய வண்டியில் கொஞ்சம் அடி இருக்கும். கவலைப்படவேண்டியது, அது திடீரென அதிகமாகும்போதுதான். இன்ஜினை அணைத்து, மேல் கியரில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி உறுதியான கட்டையில் நிறுத்தி, அதைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சக்கரம் அசைந்தும் அதன் நடுவில் உள்ள ஹப் அசையாவிட்டால் ரிம் நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. ஹப்பும் சேர்ந்து அசைந்து, உள்ளே தாமதமாக "டக்" கேட்டால் ஆக்சில் ஸ்பிளைன் அல்லது கிரவுன் பினியனில் இடைவெளி. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டும்போது அசைவு தெரிந்தால் அச்சின் பேரிங். அதன் சீலும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும்; பிரேக் உள்ளே ஆயில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இழுவைக் கோளாறு இந்த இடத்தில் பிரேக் கோளாறாகிவிடுகிறது.

வண்டியைப் பிரிக்கவேண்டிய நிலை வந்தால்

சங்கிலி, முட்டுத் தாங்கிகள், சக்கரம் வைத்த தூக்கி ஆகியவை இல்லாமல் இதைத் தோட்டத்தில் செய்யாதீர்கள். பிரித்தபின் இன்ஜின் பகுதி முன் அச்சின் நடுப் பின்னில் மட்டும் நிற்பதால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்; முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தபிறகே போல்ட்டைத் தளர்த்த வேண்டும். நீங்கள் அழைக்கும் மெக்கானிக் ஆப்பு அடிக்காமல் ஸ்பானரை எடுத்தால் அவரை நிறுத்திவிடுங்கள்.

பிரிப்பதற்கான கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால், பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இன்ஜின் பின் சீல், கியர் தண்டின் சீல் ஆகியவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். ஃபிளைவீலில் கோடுகளோ நீலப் புள்ளிகளோ இருந்தால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும். டபுள் கிளட்சைப் பொருத்தும்போது இரண்டு பிளேட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கான தண்டு அல்லது பழைய கியர் தண்டின் துண்டு ஒன்று பட்டறையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது இல்லாத இடத்தில், இணைக்கும்போது பலம் கொண்டு தள்ளிப் புதிய பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடுகிறார்கள், ஒரு வாரத்தில் கியர் மறுபடியும் கரகரக்கும்.

வண்டி சேர்ந்ததும் பெடல் ப்ளேயை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள், பெடலை முழுவதும் மிதித்துப் பி.டி.ஓ. நிற்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள், அடித்துளையில் ஸ்பிளிட் பின் திரும்பவும் போடப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புதிய பிளேட் தன் இடத்தில் உட்காரும்வரை, முதல் சில நாட்கள் கனமான டிரெய்லரைப் பூட்டாமல் இலகுவான வேலையில் ஓட்டி, அதன் பிறகு ப்ளேயை மறுபடியும் அளந்து சரிசெய்துகொள்ளுங்கள்.